பூட்டி எந்த ஊர்?

கேள்வி இதுதான். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான மஸ்கெலியாப் பக்கம் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "என் அம்மாயியுடைய அம்மா இந்தியாவிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவராம். கப்பலில் வந்து கோச்சி (ரயில்) ஏறினார்களாம். 'திருச்சிப் பக்கம்' என்று மட்டும் அம்மா சொல்கிறார். பூட்டியின் பெயர் தெரியும், கடைசியாக இருந்த தோட்டம் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் எந்த ஊர், யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது தங்கச்சி. நானும் என் பூட்டியை இப்படித்தான் தேடினேன். வருடக்கணக்கில் ஆனது. அதில் பாதிக் காலம் வீணாகப் போனதற்குக் காரணம், அவருடைய பெயரையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கியதுதான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நம் தோட்டங்களில் ஒரு பொம்பளையின் பெயர் தனியாக எழுதப்பட்டது அபூர்வம். இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்சாதி, இன்ன கங்காணியின் ஆள் என்று யாராவது ஒரு ஆம்பளையின் பெயருக்குக் கீழேதான் அவர் இருப்பார். அதனால் பூட்டியைச் சுற்றி இருந்தவர்களை முதலில் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி, புருஷன், பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலே, ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து தோட்டத்தில் வேலை வாங்கிய கங்காணி.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் அம்மாயி இருக்கிறாரா? கேள்வியில் அதைச் சொல்லவில்லை. இருக்கிறார் என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் பிறகு படியுங்கள். அடுத்த லீவிலேயே தோட்டத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கடதாசிகள் இன்னும் பத்து வருடம் கழித்தும் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கும்.

அம்மாயியிடம் "உங்கம்மா எந்த ஊர்?" என்று நேரே கேட்டால் "அது யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். எனக்கும் அதுதான் வந்தது. என் அத்தைக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். மூன்று நாள் கேட்டும் ஊர்ப் பெயர் வரவில்லை. நாலாம் நாள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். "உங்க அப்பாயி சாவு வீட்டுல எப்படிப் பாடுவாங்க அத்தை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு மெல்ல ஒப்பாரியை எடுத்தார். அப்பன் வீட்டுப் பெருமை சொல்லும் இடத்தில் கொல்லிமலை வந்தது, அதற்குக் கிழக்கே ஓர் ஏரி வந்தது, ஏரிக்கரைக் கோவில் வந்தது, ஊரின் பெயரும் வந்தது. அத்தை அதை அதுவரை ஊர்ப் பெயர் என்றே நினைத்திருக்கவில்லை. பாட்டில் வரும் ஒரு சொல் என்றுதான் நினைத்திருந்தார். நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு "இதெல்லாமா எழுதுவ?" என்றார்.

ஒப்பாரியில் பெண்கள் பிறந்த வீட்டைச் சொல்லித்தான் அழுவார்கள். ஆகவே அதைக் கேளுங்கள். தாலாட்டையும் கேளுங்கள். குலதெய்வம் எது, அந்தச் சாமிக்கு எந்த மாதம் கும்பிட்டார்கள், பிடிமண் யார் கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள். ரோதமுனி, கவ்வாத்துச்சாமி எல்லாம் தோட்டத்திலேயே பிறந்த சாமிகள். அவை ஊருக்கு வழி காட்டாது. ஆனால் வீட்டுக்குள் தனியாகக் கும்பிட்ட சாமி ஒன்று இருக்கும், அதன் பெயரோடு சில சமயம் ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பூட்டியின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து சனம் வந்தது, தாய்மாமன் சீர் யார் வைத்தார்கள், யாரை அவர் "அண்ணே" என்று கூப்பிட்டார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பழைய போட்டோ இருந்தால் காதைப் பாருங்கள். காது வளர்த்துத் தண்டட்டியோ பாம்படமோ போட்டிருந்தால் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் என்று சந்தேகப்படலாம். அப்போது "திருச்சிப் பக்கம்" என்பதை மறுபடி யோசிக்க வேண்டும். அம்மாயி, அப்பாயி என்று நீங்கள் கூப்பிடுவது திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து வழக்கம். கொங்குப் பக்கத்தார் என்றால் அம்மாவின் அம்மாவை அம்மிச்சி என்றிருப்பார்கள். இதை ரொம்ப நம்பிவிடவும் வேண்டாம். நாலு ஜில்லாச் சனம் ஒரே லயத்தில் இருந்து பேச்சு கலந்து போயிருக்கிறது.

சரி, கப்பலில் வந்து கோச்சி ஏறிய கதைக்கு வருவோம். அதிலேயே காலக்கணக்கு இருக்கிறது. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அவர்களில் ஆண்களே மிகுதி, கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அதன் பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக, பெண்களும் பிள்ளைகளுமாக வந்தார்கள். பாம்பன் பாலமும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், தலைமன்னார் ரயில் பாதையும் 1914இல் வந்தவை. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கியவர்களும் உண்டு. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் வருவதைத் தடை செய்துவிட்டது. அம்மாயி 1940களில் பிறந்தவராக இருந்தால் பூட்டி 1920ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். சின்னப் பிள்ளையாக வந்தார் என்பதையும் சேர்த்தால் 1920களில் மண்டபம் கேம்ப் வழியாக, தனுஷ்கோடிக் கப்பலில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அட்டன் ஸ்டேஷனில் இறங்கி மஸ்கெலியாவுக்கு வந்திருப்பார்கள்.

கழுத்தில் தகரம் கட்டியிருந்ததாக வீட்டில் யாராவது சொன்னால் அது கட்டுக்கதை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட எண் பொறித்த தகரத் துண்டு கொடுத்தார்கள். அந்தத் தகரத்தில் பெயர் இருக்காது.

இனி வீட்டுக் கடதாசிகள். லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கு அடியிலோ அட்டல் மேலோ ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து முழுவதையும் போனில் படம் பிடியுங்கள். எது உதவும் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அதில் முக்கியமானது அம்மாயியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாருடையதும் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பத்திரத்திலும் தாயின் பெயர் வெவ்வேறு விதமாக இருக்கும். ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சிமி, மூன்றாவதில் லச்சுமாயி. பிறப்பு இறப்பை அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரையிடம் இருந்தது. கங்காணி வாயால் சொல்ல, கிளாக்கர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுத, அது பதிவுக்குப் போகும். அதனால் எழுத்து மாறியிருப்பதைப் பார்த்து வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். வயதும் குத்துமதிப்புத்தான்.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் "பெற்றோர் விவாகம் செய்தவர்களா?" என்று ஒரு கட்டம் இருக்கும். என் தாத்தாவின் பத்திரத்தில் அதற்கு நேரே "இல்லை" என்று இருந்தது. என் அப்பா அந்தக் கடதாசியை நாற்பது வருடம் யாருக்கும் காட்டவில்லை. பெட்டியின் அடியில், நியூஸ்பேப்பருக்குக் கீழே வைத்திருந்தார். உண்மையில் கோவிலில் தாலி கட்டி, பந்தல் போட்டு, ஊர் கூடிச் செய்த கல்யாணம் அது. பதிவாளர் முன்னால் எழுதவில்லை, அவ்வளவுதான். தோட்டத்தில் அந்தக் காலத்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் இப்படித்தான். உங்கள் அம்மாயியின் பத்திரத்திலும் அந்தச் சொல் இருந்தால் அதை வைத்துப் பூட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச விடாதீர்கள். புருஷன் செத்த பிறகு இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. அந்த வீடுகளில் முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டாவது புருஷன் பெயரில் பதிவாகியிருக்கும். தகப்பன் பெயர் பொருந்தாமல் இடித்தால் இந்தக் கோணத்திலும் பாருங்கள்.

பத்திரம் வீட்டில் இல்லை என்றால், பிறந்த தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்துக்குக் கீழே வருகிறதோ அங்கே தேடுதலுக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரும் டிவிசனும் தெரிந்திருக்க வேண்டும். நம் சனம் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் வேறு, ஆபீஸ் பெயர் வேறு. "புதுக்காடு", "மேற்கணக்கு" என்றால் பதிவு ஆபீஸில் யாருக்கும் புரியாது, மலையகத்தில் புதுக்காடு எத்தனையோ இருக்கிறது. உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது, கூடவே தோட்ட நிலமும். தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய கோவில் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். "கடைசியாக இருந்த தோட்டம்" என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் பூட்டி வேறு எங்காவது இருந்தாரா என்று அம்மாயியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்ட ஆபீஸ் செக்ரோலை (வேலையாட்களின் பெயரும் கூலியும் எழுதிய புத்தகத்தை) பற்றி எல்லாரும் முதலில் கேட்பார்கள். கிடைத்தால் அது தங்கம். ஆண், பெண், சிறுவர் என்று கூலி வேறு வேறாக இருந்ததால் பெயர்களும் அப்படிப் பிரிந்திருக்கும். 1929இல் முதன்முதல் நிர்ணயித்த நாட்சம்பளம் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஒரு பெயர் சிறுவர் வரிசையிலிருந்து பெண்கள் வரிசைக்கு எந்த வருடம் ஏறுகிறது என்று பார்த்தால் அந்தப் பிள்ளையின் வயது ஓரளவு பிடிபடும். (ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வர 1984 ஆனது.) ஆனால் 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போய், 1992இல் மறுபடி கம்பனிகளிடம் வந்தன. அந்தக் கைமாற்றங்களில் பழைய புத்தகங்கள் நிறைய அழிந்துவிட்டன. நான் போன ஓர் ஆபீஸில் பழைய கட்டுகளை ஈரம் பிடித்த பிறகு அடுப்புக்குக் கொடுத்ததாகச் சொன்னார்கள். போய்க் கேளுங்கள், இல்லை என்றால் அங்கேயே தேங்கி நிற்காதீர்கள்.

இப்போது கங்காணி. என் தேடலில் பூட்டு திறந்தது இந்தச் சாவியால்தான். கங்காணி ஆள் கட்டியது முன்பின் தெரியாத ஊர்களில் இல்லை. தன் ஊர், பக்கத்து ஊர், மாமன் மச்சான் இருக்கிற ஊர், அவ்வளவுதான். ஆகவே பூட்டியின் அப்பா எந்தக் கங்காணியின் பெரட்டில் (ஆள் கூட்டத்தில்) இருந்தார் என்று தெரிந்து, அந்தக் கங்காணியின் ஊர் தெரிந்தால், உங்கள் ஊர் அதிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கலாம். கூலியாட்களைப் பற்றி எழுதி வைக்காத உலகம் பெரியகங்காணிகளைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதி வைத்திருக்கிறது. காணி உறுதி, கோர்ட்டு வழக்கு, கல்யாணப் பத்திரிகை, கோவில் உபயம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஒரு பழைய மணி. சின்ன வயதிலிருந்து நான் அடித்த மணி அது. அதன் விளிம்பில் ஏதோ எழுத்து இருக்கிறது என்று தெரியும், எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. ஐயரிடம் கேட்டுவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் புளியும் கொண்டு போய் ஒரு காலை முழுக்கத் தேய்த்தேன். "உபயம்" என்ற சொல் முதலில் தெளிந்தது. பிறகு பெரியகங்காணியின் பெயர். பிறகு ஓர் ஊர், "முசிறி தாலுகா, திருச்சினாப்பள்ளி ஜில்லா". அத்தையின் ஒப்பாரியில் வந்த ஊர் அதுவல்ல, ஆனால் பழைய தாலுகா வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே மூன்று மைல். நான் கோவில் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தோட்டத்துக் கோவிலில் மணி, குத்துவிளக்கு, கல் தொட்டி, தேர்க்கட்டை, வாகனம் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள். வெள்ளையடித்த சுவரில் இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து எழும்பும்.

அடுத்தது குடியுரிமைக் கடதாசிகள். நம்மை நாடற்றவர்களாக்கிய சட்டங்கள்தான் நம்மைப் பற்றி அதிகம் எழுத வைத்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இன்றைக்கும் உங்கள் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பாட்டனுக்கும் பூட்டனுக்கும் கட்டம் உண்டு. பாட்டிக்கும் பூட்டிக்கும் கட்டம் கிடையாது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ், 1951 ஆகஸ்டு வரை குடும்பம் குடும்பமாக மனுப் போட்டார்கள். கல்யாணம் ஆனவர்கள் 1946க்கு முன்னால் ஏழு வருடம், ஆகாதவர்கள் பத்து வருடம் தொடர்ச்சியாக இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். நடுவில் இந்தியாவுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. ஆகவே எப்போது ஊருக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஃபைல்களில் துருவிக் கேட்கப்பட்டிருக்கும். உங்கள் பூட்டி மனைவியாகப் பூட்டன் ஃபைலுக்குள் இருப்பார். அதற்கு முன்பே கைம்பெண்ணாகியிருந்தால் சொந்தப் பெயரிலேயே இருப்பார். குடும்பத்தில் யாரிடமாவது குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதில் உள்ள இலக்கத்தை எடுத்துக்கொண்டு பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். இலக்கம் இல்லாமல் போனால் அலைச்சல்தான்.

1947 பாராளுமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் இடாப்பையும் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் கேட்டுப் பாருங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது பெண்களுக்கும் வந்தது. நம் சனத்தின் வாக்கு பறிபோவதற்கு முந்திய கடைசித் தேர்தல் 1947. அப்போது பூட்டிக்கு 21 வயது தாண்டியிருக்கும்.

இனிச் சொல்லப் போவதைப் பலர் யோசிப்பதில்லை. ஊர் விவரம் எழுதிய கடதாசி உங்கள் பக்கம் இல்லாமல், போனவர்கள் பக்கம் இருக்கலாம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அழுகைக் கோச்சியில் (இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிய ரயிலில்) ஏறிப் போன அண்ணன் தம்பி, சித்தப்பா இல்லாத குடும்பம் நம்மிடையே அபூர்வம். அவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடும் குடும்ப அட்டையோடும் போனவர்கள். கூடலூரில் என் சின்னத் தாத்தாவின் பேரன் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் குடும்ப அட்டையும், இந்தியப் பிரஜாவுரிமைக்காக எழுதிய மனுவின் நகலும். சொந்த ஊர், தாலுகா, ஜில்லா, அங்கே இருக்கிற பங்காளியின் பெயர், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. நான் கண்டியிலும் கொழும்பிலும் தேடிய அத்தனையும் நீலகிரியில் ஒரு டின்னுக்குள். கூடலூர், கோத்தகிரி, டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலை) தோட்டங்கள், திருச்சிப் பக்கத்துக் குடியேற்றங்கள், எங்கே யார் இருக்கிறார்கள் என்று அம்மாயிக்குத் தெரிந்திருக்கும். பழைய கடிதங்களின் உறையைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அனுப்பியவர் விலாசமும் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் தேடும்போது இன்றைய வரைபடத்தை நம்பாதீர்கள். அன்றைய "திருச்சி ஜில்லா" பெரியது. கரூரும் பெரம்பலூரும் அதிலிருந்து 1990களில் பிரிந்தவை. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், அதற்குப் பிறகு 1974 வரை திருச்சி ஜில்லாவுக்குள். ஆகவே 1950, 60களில் யாராவது "திருச்சிப் பக்கம்" என்று சொல்லியிருந்தால் புதுக்கோட்டைச் சீமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலைந்து ஊர் இருக்கும். ஊர்ப் பெயரோடு ஏரி, மலை, சந்தை என்று இன்னோர் அடையாளம் கையில் இருந்தால்தான் சரியான ஊரில் போய் இறங்குவீர்கள்.

பட்டா, சிட்டா என்று நிலப் பதிவில் தேடுவது நம்மில் பலருக்கு உதவாது. காணி இருந்திருந்தால் கடல் தாண்டியிருக்க மாட்டார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஊரில் ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பதிவுகளில் சாதி எழுதியிருக்கும், ஊரில் போய்க் கேட்டாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், எந்தத் தெரு என்பது அதை வைத்துத்தான் தெரியும். வீட்டில் அதைப் பேசாமல் மறைத்து வாழ்ந்திருந்தால், அம்மாயியிடம் மற்றவர்கள் முன்னால் அதைக் கேட்காதீர்கள். தனியாக, அவரே சொல்ல வரும்போது கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குடும்பத்தில் ஒரு கிளையாவது வேதக்காரர்கள் என்றால் கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கட்டாயம் பாருங்கள். தோட்டத் தமிழர்களுக்கான அங்கிலிக்கன் மிஷன் 1854இலேயே தொடங்கியது. கத்தோலிக்கப் பங்குகளிலும் பழைய புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. தாயின் பெயரும் ஞானப் பெற்றோரின் பெயரும் அதில் இருக்கும்.

பூட்டியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நீங்கள் எழுதியிருந்தும் நான் இங்கே போடவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக் கோவிலுக்கு நான் ஒரு தடவை வந்திருக்கிறேன், திருவிழா நேரம். சாமி தூக்கும் வாகனத்தின் அடிப்பலகையில் எழுத்து வெட்டியிருந்த ஞாபகம். கூட்டத்தில் வாசிக்க முடியவில்லை. அம்மாயியைப் பார்க்கப் போகும்போது அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எழுத்துக் கூட்டிப் பார்ப்போம்.